அவர் அழித்த வரி

என் கணவருக்குப் பேச்சுப் போன காலையில் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, தெருவில் போனவர்கள் புருஷன் பெண்சாதி சண்டை என்று நினைத்திருப்பார்கள். விஷயம் வேறு. நாங்கள் கணினிக்கு ஒரு புது மொழி செய்துகொண்டிருந்தோம். அதில் ஒரு விதியை வைப்பதா விடுவதா என்பதுதான் சண்டை.

கணினியிடம் வேலை வாங்க நாம் எழுதிக் கொடுக்கும் மொழியைத்தான் கணினி மொழி என்கிறோம். அதில் பெரிய வழிகள் இரண்டு. நான் படித்துப் பழகியது கட்டளை வழி. இதை எடு, ஒன்றைக் கூட்டு, அங்கே வை, திரும்பவும் செய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு பெயரில் வைத்த எண் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மற்றது சார்பு வழி. பள்ளிக்கூடக் கணக்கைப் போல, ஒரு பெயருக்கு ஒரு பெறுமானத்தைக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாறாது. சார்பு என்பது கேட்டதற்கு விடை தரும் ஒரு கணக்கு; அதனிடம் ஒரே கேள்வியை எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

அவர் இந்த இரண்டாவது கட்சி. யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் கணினி விரிவுரையாளர். நான் மலையகத்தில் பிறந்து கண்டி டவுனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் புடவைக் கடைகளுக்கும் நிரல் எழுதிக் கொடுப்போம். எங்களுக்கு ஒரு வகுப்பெடுக்க அவர் வந்திருந்தார். பலகையில் அவர் எழுதிய நிரலில் எதுவுமே மாறவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

"ஒண்ணக் கூட்டணும்னா எப்படி சார் கூட்டுவீங்க?" என்று எழுந்து கேட்டேன்.

"கூட்டத் தேவையில்லை. கூடின ஒண்டை நீர் புதுசாச் செய்யும். பழசைப் பழசாவே இருக்க விடும்" என்றார்.

மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அடுத்த வருஷம் அவரையே கல்யாணம் முடித்தேன்.

மொழி செய்யும் யோசனை கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. எங்கள் கம்பெனியின் நிரல் ஒன்று ஒரே தேயிலைக் கொழுந்து நிறைக்குக் காலையில் ஒரு கணக்கும் பின்னேரம் ஒரு கணக்கும் சொன்னது. பிழையைத் தேடித் தேடி நான் அழாத குறை. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரே பானைக்குள்ள ஆளாளுக்கு உப்புப் போடுறியள். பிறகு கறி கைக்குது எண்டால்?"

"உங்க வழியில எழுதினா திரையில ஒரு எழுத்துக்கூடத் தெரியாதே. எழுத்துத் தெரியிறதே ஒரு மாற்றந்தானங்க?" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தாளை இழுத்தார். அன்றைக்கே இரண்டையும் கலந்து ஒரு மொழி செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். வெளியே எல்லாப் பெறுமானமும் நிலையானது. மாற்றம் வேண்டுமென்றால் 'அறை' என்று எழுதி, அதற்குள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அறையை விட்டு வெளியே வரும் விடை நிலையானதாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். வேலை முடிந்து வந்து, சோறு தின்ற தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுவோம். சனி ஞாயிறும் அதே கதைதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அன்றைய சண்டை, அறைக்குள் செய்த ஒரு சார்பு அறையின் மாறும் பெறுமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போகலாமா என்பது. போக விட்டால் எனக்கு வேலை சுலபம். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது போல, கூப்பிடும் ஒவ்வொரு தரமும் அடுத்த எண்ணைத் தரும் சார்பு ஒன்றை இரண்டு வரியில் எழுதிவிடுவேன். அவர் கூடவே கூடாது என்றார். அவர் கதிரையில் சாய்ந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நீர் ஒண்டை யோசியும். அது வெளியில போனால்... வெளியில... அது..."

நான் காத்திருந்தேன்.

"ஓம்" என்றார். "ஓம். ஓம்."

யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆமாம்; என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். கையைத் தட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே கோப்பை அவர் கையிலிருந்து சரிந்து மடியில் கொட்டியது. சுடு தேத்தண்ணி. அவர் துள்ளவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. வாயின் வலது பக்கம் கீழே தொங்கியிருந்தது. என்னைப் பார்த்து இன்னொரு முறை "ஓம்" என்றார்.

கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம். அக்குறணையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம்கள். அவரை நானா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன். நான் படிக்கட்டில் நின்று கத்தியது எனக்கு ஞாபகம் இல்லை. நானா மேலே ஓடிவந்து என் கணவரைத் தோளில் சாய்த்துத் தூக்கியதும், ராத்தா என் காலில் செருப்பை மாட்டிவிட்டதும் ஞாபகம் இருக்கிறது.

"வேன் வாசல்லதான் இரிக்கி. பயப்படாதீங்க மகள், அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார் நானா.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நானா ஹோனை விட்டுக் கையை எடுக்கவில்லை. பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவரிடம் நான் என்னென்னவோ கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் ஓம்.

மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். பாரிசவாதம். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை, குடி இல்லை. டாக்டர் சொல்லச் சொல்ல, வேறு யாருடைய புருஷனைப் பற்றியோ பேசுகிறார் என்ற மாதிரி நான் நின்றேன்.

உயிர் தப்பியது. வலது கால் மெல்ல மெல்ல வந்தது, வலது கை வரவில்லை. பேச்சில் அந்த ஒரு சொல் மட்டும் எஞ்சியிருந்தது.

சேதி கேட்டு மாமி யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்தா. தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பெண்ணைக் கட்டினான் என்று மகன் மேல் கோபித்து, அதுவரை எங்கள் வீட்டு வாசலையே மிதிக்காதவ. வார்டுக்குள் வந்ததும் என்னைப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போனா.

"அப்பன், அம்மாவைத் தெரியுதோ?"

"ஓம்."

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

மாமி என் பக்கம் திரும்பினா. அதுதான் அவ என்னிடம் பேசிய முதல் பேச்சு. "பிள்ளைக்கு எல்லாம் விளங்குது. கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லுறான்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சிங்களப் பெண் வந்தாள். தமிழ் நன்றாகவே பேசுவாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். குடைப் படத்தைக் காட்டி, "இது குடையா?" என்றாள். ஓம். அதே படத்தைக் காட்டி, "இது மாடா?" என்றாள். ஓம். மாமியின் முகம் மாறுவதைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்று பார்வையாளர் நேரம் முடிவதற்கு முன் அவர் காதருகே குனிந்து கேட்டேன். "நான் யாருங்க? உங்க சம்சாரமா?" ஓம். "உங்க தங்கச்சியா?" ஓம். "யாருன்னே தெரியலையா?" அதற்கும் ஓம். கண்கள் என்னைத்தான் பார்த்தன. அந்தக் கண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார், எவ்வளவு இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமி எங்களோடேயே தங்கினா. நான் கம்பெனி வேலையை வீட்டிலிருந்து செய்ய அனுமதி வாங்கினேன். எங்கள் மொழி இருந்த கணினிக் கோப்பை நான் திறக்கவில்லை. மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அதன்மேல் அவருடைய மருந்துகளை அடுக்கியிருந்தேன்.

பல வாரம் கழித்து, ஒரு மழை நாள் மத்தியானம், வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் அந்தக் கோப்பைத் திறந்தேன். அவர் பக்கத்துக் கதிரையில் யன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சண்டை நின்றுபோன இடத்துக்குப் போனேன். தடுக்க ஆளில்லை. அறைக்குள் செய்த சார்பை வெளியே போக விடும் வரியை எழுதினேன். மாமி குசினியிலிருந்து கூப்பிட, எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது வரி இல்லை.

கை பட்டு அழிந்திருக்கும் என்று திரும்ப எழுதினேன். எழுதி முடித்து முழங்கையை எடுக்கிறேன், என் கைக்குக் குறுக்கே அவருடைய இடது கை வந்தது. ஒரு விரல் அழிக்கும் விசையின் மேல் போய் இருந்தது. அழுத்தியபடியே வைத்திருந்தார். எழுத்துகள் பின்னாலிருந்து ஒன்றொன்றாகப் போயின. வரி முழுதும் போனதும் விரலை எடுத்தார். மேல் வரியையும் கீழ் வரியையும் தொடவில்லை.

நான் கதிரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது வேணாமாங்க?"

"ஓம்."

அந்த ஓமை நான் நம்பவில்லை. வேண்டுமென்றே ஒரு பிழையான சார்பு எழுதினேன். அழித்தார். சரியாக எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தார், கை வரவில்லை. பார்த்தவுடன் தெரியாத ஒரு பிழையை நடுவில் ஒளித்து எழுதினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்த ஒரு எழுத்தை மட்டும் அழித்தார்.

"மாமி! மாமி, இங்க வாங்க!"

மாமி அகப்பையோடு ஓடிவந்தா. ராத்தாவும் என்ன சத்தம் என்று மேலே வந்துவிட்டா. அவர்களுக்கு விளங்குகிற மாதிரி, இரண்டும் இரண்டும் ஐந்து என்று எண்ணில் எழுதினேன். அவர் ஐந்தை அழித்தார்.

"யா அல்லாஹ்" என்று ராத்தா வாயில் கையை வைத்தா.

மாமி மகனின் தலையைத் தடவினா. "சின்னனில இருந்தே பிழையைக் கண்டால் பொறுக்கமாட்டான்" என்றா. சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டா.

மறுநாள் அவர் அழித்த வரியைத் திரும்பச் சேர்த்து, சோதனைக்கு ஒரு சின்ன நிரல் ஓட்டிப் பார்த்தேன். மாறாது என்று எங்கள் மொழி உத்தரவாதம் கொடுத்த இடத்தில் ஒரு சார்பிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டேன். இரண்டு வேறு விடை வந்தது. கொழுந்து நிறைக் கணக்கில் என்னை அழ வைக்கப் பார்த்த அதே பிழை, எங்கள் மொழிக்குள்ளேயே. தண்ணி என்று கேட்கத் தெரியாத மனிதர் அதைக் கண்டுபிடித்திருந்தார். வரியை எடுத்துவிட்டேன்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு ஆசை பிடித்தது. அவரோடு பேச வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் மொழியில் இப்படி எழுதினேன்:

வலி = உண்மை
வலி = பொய்

"வலிக்குதான்னு கேக்கிறேன். பிழையான வரியை அழிங்க" என்றேன்.

அவர் இரண்டாவது வரியை அழித்தார். அப்படியென்றால் வலி இருக்கிறது! இத்தனை நாள் வலியோடு இருந்திருக்கிறார், நாங்கள் யாரும் அறியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மாமியிடம் சொல்லிவிட்டு, நானாவைக் கூப்பிடப் படியிறங்கினேன். பாதிப் படியில் ஒரு யோசனை வந்து நின்றேன். திரும்பி ஏறினேன். வரிகளை இடம் மாற்றினேன்.

வலி = பொய்
வலி = உண்மை

மறுபடியும் இரண்டாவதைத்தான் அழித்தார்.

எங்கள் மொழியில் ஒரு பெயருக்கு ஒரு தரம்தான் பெறுமானம் கொடுக்கலாம். இரண்டாம் தரம் கொடுத்தால் பிழை. அவர் அந்தப் பிழையைத் திருத்தியிருக்கிறார், அவ்வளவுதான். என் கேள்வி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. 'வலி' என்ற சொல் அவருக்கு ஏதோ ஒரு பெயர், க என்றோ ங என்றோ எழுதியிருந்தாலும் அதேதான். வார்டில் அவர் என்னைத் தங்கச்சி என்று ஒத்துக்கொண்ட நாளில்கூட நான் இப்படி உடையவில்லை. கிடைத்துவிட்டது என்று நினைத்த பிறகு இல்லை என்று ஆவது வேறு மாதிரி. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த கிளினிக்குக்கு மடிக்கணினியையும் எடுத்துப் போனேன். பேச்சுப் பயிற்சிப் பெண் என் கதையை நம்பினாளா தெரியாது, ஆனால் பொறுமையாகக் கேட்டாள். அவள் முன்னால் அவர் இரண்டு பிழையைத் திருத்தினார். அவள் எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் முன்னாலும் திருத்தினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையருகே குனிந்து பார்த்தார்.

நான் வலி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணோ சந்தோஷப்பட்டாள்.

"அக்கா, அவருக்கு 'இல்ல' சொல்லத் தெரியுது. அது போதும் எனக்கு" என்றாள். "வாயில இல்ல, விரல்ல இருக்கு. விரல்ல இருந்து மெல்லக் கூட்டிக்கொண்டு வருவோம்."

அவள் செய்தது இதுதான். திரையில் குடைப் படம், பக்கத்தில் சமன் குறி, அதற்குப் பக்கத்தில் மாட்டுப் படம். சொல்லே கிடையாது. அவர் மாட்டை அழித்தார். பல நாள் படத்தோடு படம். பிறகு படத்தோடு எழுத்து. எழுத்து வந்ததும் எல்லாம் குழம்பிப்போனது, சரியானதையும் அழித்தார், கோபத்தில் மேசையைத் தட்டினார். நாங்கள் திரும்பவும் படத்துக்குப் போனோம். வீட்டில் ராத்தாவும் மாமியும் முறை வைத்து அவரோடு உட்கார்ந்தார்கள். மாமி அழிக்கும் விசையைக் காட்டி, "இது இல்லை எண்ட பொத்தான்" என்று ராத்தாவுக்கு விளக்கம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அழிக்கும் ஒவ்வொரு தரமும் நாங்கள் எல்லாரும் சத்தமாக "இல்லை" என்போம்.

ஒரு நாள் மத்தியானம் மாமி அவர் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போடப் போனா.

"இல்லை" என்றார்.

மாமியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. நான் அவர் வாயையே பார்த்தேன். அவரும் பயந்துபோயிருந்தார். தன் வாயிலிருந்து வேறு யாரோ பேசிவிட்ட மாதிரி இடது கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அன்று பின்னேரம் முழுக்க எங்களிடம் எதை எதையோ காட்டி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேண்டியதையும் இல்லை என்றார். எங்களுக்கு அதுவும் இனித்தது.

அதற்குப் பிறகு சொற்கள் ஒழுங்கில்லாமல் வந்தன. முதலில் தண்ணி, பிறகு காசு, பிறகு ஏனோ 'ரயில்'. என்னைக் கூப்பிட அவருக்கு நெடுநாள் பிடித்தது. ஒரு வருஷம் தாண்டியபோது சின்னச் சின்ன வசனம் பேசினார். இடையில் தேடுவார், நாங்கள் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். அதற்குள் மாமி ஊருக்குத் திரும்பிப் போயிருந்தா. பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரை இல்லாத வேலை கொடுத்தது. எங்கள் மொழியை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் போட்டோம். எங்கெங்கோ இருக்கும் சிலர் பாவிக்கிறார்கள், சிலர் திட்டி எழுதுகிறார்கள். திட்டுகளை அவர் விருப்பத்தோடு வாசிப்பார்.

அவர் நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகு, எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு அந்த வரியை அழிச்சீங்களே, அப்ப மனசுல என்ன இருந்துச்சு? நான் பேசினது ஒண்ணுமே விளங்கலையா?"

அவர் என்னைப் பார்த்தார். "எந்த... வரி?"

நான் கோப்பைத் திறந்து காட்டினேன். அழித்த நாள், திரும்ப எழுதிய நாள், எல்லாம் அதில் பதிவாகி இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இதை... நான் செய்தனானோ?"

அவருக்கு அந்தக் காலம் ஒன்றுமே ஞாபகம் இல்லை. வார்டு இல்லை, குடைப் படம் இல்லை, மழை நாள் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்தது வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு, மாமி ஊருக்குப் போனதற்கும் பிந்தி, ஒரு நாள் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தது இருக்கிறது. நடுவில் இருந்ததைச் சொல்லும்படி கேட்டார். நான் வேன், பாலம், வார்டு என்று முதலிலிருந்து சொன்னேன். மாமி கட்டிலுக்கு நேரே வந்ததைச் சொல்லும்போது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அம்மா... இஞ்ச வந்தவவோ? எங்கட வீட்டுக்கோ?"

"வந்து, இருந்து, சமைச்சு, உங்களுக்கு ஊட்டிவிட்டுட்டுத்தான் போனாங்க. பத்து மாசம்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போனை எடுத்து மாமியின் இலக்கத்தை அழுத்தி அவர் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். போனில் அவர் சொற்களைத் தேடித் தேடி, அவ வந்து இருந்ததைப் பற்றிக் கேட்பது கேட்டது. மறுமுனையில் மாமி அவசரப்படுத்தாமல் காத்திருந்திருப்பா.